பார்த்தேன், சரி

நாலு இருபதுக்குப் போன் ஒரு தடவை அதிர்ந்தது. 'குட்டி இன்னும் வரலை.'

அவள் அடுப்படியில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். எழுத்து மாறவில்லை. அந்த மெசேஜ் வரக் கூடாது. ஐந்து வாரத்துக்கு முன்னால் அவளே உட்கார்ந்து அழித்த விஷயம் அது.

மெசேஜை எழுதியதும் அவள்தான். மகள் பள்ளியிலிருந்து தனியாக நடந்து வர ஆரம்பித்தபோது, வாசல் கதவுக்கு எண் பூட்டு ஒன்று வாங்கிப் போட்டு, மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டியை வைத்து இரண்டையும் இணைத்திருந்தாள். வீட்டில் ஆளுக்கு ஒரு எண். குட்டி தன் எண்ணைத் தானே தேர்ந்தெடுத்தாள்: ஏழு, ஏழு, ஏழு, எட்டு. ஏன் கடைசியில் எட்டு என்று கேட்டதற்கு, "நாலாவது ஏழுக்குப் போரடிச்சிடுச்சும்மா" என்றாள். மூன்று ஏழையும் படபடவென்று அமுக்குவாள். எட்டுக்கு மட்டும் ஒரு கணம் யோசிப்பாள். நாலு பத்துக்கு அந்தச் சத்தம் கேட்கும், 'குட்டி வந்தாச்சு' என்று போனுக்கு மெசேஜ் வரும். நாலு இருபதுக்குள் வரவில்லையென்றால் மற்ற மெசேஜ்.

குட்டி செத்துப்போன பிறகும் பெட்டிக்கு அது தெரியாது. பள்ளி நாள் ஒன்று விடாமல் நாலு இருபதுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது: இன்னும் வரலை. நாற்பது நாள் அதை நிறுத்த அவளுக்குக் கை வரவில்லை. நாற்பத்தொன்றாம் நாள் பெட்டியைத் திறந்து மகளின் தகவல் இருந்த வரியை அழித்தாள். ஒரே ஒரு கட்டளை. அடித்து முடித்துவிட்டு, அங்கேயே மாடிப்படிக்கு அடியில், துடைப்பத்துக்கும் பழைய செருப்புகளுக்கும் நடுவில் உட்கார்ந்து அழுதாள்.

இப்போது அந்த வரி திரும்ப வந்திருக்கிறது. அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, தொழில் எரிச்சல். மத்தியானம் இரண்டு நிமிஷம் கரண்ட் போய் வந்தது. அதில் ஏதோ ஆகியிருக்கிறது.

பெட்டிக்குள் ஓடியது ஆமை. அது ஒரு டேட்டாபேஸ், தகவல்களை வரி வரியாகச் சேர்த்து வைக்கும் மென்பொருள். யாருக்கும் சொந்தமில்லை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதன் புரோகிராம் கோடைப் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம், சும்மா எடுத்துப் பயன்படுத்தலாம். மெதுவாகப் போனாலும் எதையும் தொலைக்காது என்ற பெருமையில் வைத்த பெயர். வருகிற திருத்தங்களைப் பார்த்துச் சேர்க்கும் ஏழெட்டுப் பேரில் அவளும் ஒருத்தி, பதினோரு வருஷமாக. வெளியே விடாத புதுப் பதிப்பை முதலில் தன் வீட்டுப் பெட்டியில் ஓடவிட்டுப் பார்ப்பது அவள் வழக்கம். சமைத்தவள் முதலில் ருசி பார்க்க வேண்டாமா என்பாள்.

மறுநாள் காலையில் ஆந்தை போன் செய்தான். நடுராத்திரியில் கேட்டாலும் பதில் சொல்வான் என்பதால் அந்தப் பெயர். ஏழு வருஷமாகச் சேர்ந்து வேலை பார்க்கிறார்கள், நேரில் முகம் பார்த்ததில்லை.

"அக்கா, புகார் லிஸ்டைப் பாத்தீங்களா? செத்தவங்க எல்லாம் எழுந்து வர்றாங்க."

"என்ன உளறுற?"

"அழிச்ச வரியெல்லாம் திரும்ப வருதாம். ஒரு லைப்ரரியில பேரை நீக்கினவங்களுக்கெல்லாம் மறுபடி நோட்டீஸ் போயிருக்கு. ஒரு மாட்டு டாக்டர், செத்துப்போன நாய்க்கு ஊசி போட வாங்கன்னு ஆள் அனுப்பிட்டு, வாங்கிக் கட்டிக்கிட்டாராம். எல்லாருக்கும் கரண்ட் போனப்புறம்தான்."

"எந்த மாற்றத்துலேர்ந்து?"

"அதைத்தான் நீங்க தேடணும். உங்களைவிட்டா யாருக்கும் பொறுமை கிடையாது."

ஆமையில் எதையும் அழித்தால் உடனே அழியாது. வரியின் தலையில் 'இது இல்லை' என்று ஒரு குறி விழும், அவ்வளவுதான். பிறகு ஆற அமர, துடைப்பம் என்று அவர்கள் சொல்லும் ஒரு சின்ன புரோகிராம் வந்து அந்த இடத்தைக் காலி என்று எழுதிவைக்கும், அடுத்து வருகிற தகவல் அதன் மேல் உட்காரும். குறி தொலைந்தால் வரி எழுந்துவிடும். ஆக, குறி எங்கோ தொலைகிறது. நல்லா இருந்தது எந்த நாள் வரை, கெட்டது எந்த நாளில் என்று வைத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் அறுநூறு மாற்றங்களைப் பாதியாக வெட்ட வேண்டும். நடுவில் ஒன்றை எடுத்து ஓடவிட்டு, சட்டென்று கரண்டைப் பிடுங்கி, பிழை இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி பாதி, மறுபடி பாதி. பத்துத் தடவையில் குற்றவாளி கிடைத்துவிடும். அவள் பின்னறையில் உட்கார்ந்து ஆரம்பித்தாள்.

நாலாவது வெட்டில் இருந்தாள். மின்விசிறியின் சத்தம், பக்கத்து வீட்டில் யாரோ துணி அடித்துத் துவைக்கும் சத்தம், ஜன்னல் கம்பி வழியே வந்து தரையில் கோடு கோடாக விழுந்திருந்த வெயில், சூடேறிய லேப்டாப்பின் லேசான பிளாஸ்டிக் வாசனை, எல்லாம் எந்த மத்தியானத்திலும் இருப்பதுதான்.

வாசலில் பூட்டு ஒலித்தது.

மூன்று, படபடவென்று. அப்புறம் ஒரு கணம். அப்புறம் ஒன்று.

கதவு திறந்தது. செருப்பு உதறிக் கழலும் சத்தம், ஒன்று சுவரில் பட்டு விழும் சத்தம். மேஜை மேல் போன் அதிர்ந்தது. 'குட்டி வந்தாச்சு.'

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். கூடம் காலி. வாசல் கதவு ஒருச்சாய்த்துத் திறந்திருந்தது. தெருவில் வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் கூடத்தில் வாசனை இருந்தது, நாள் முழுக்கக் காலுறையில் வெந்த கால், சீவிய பென்சில், வியர்த்த தலைமுடி. அந்த மூன்றும் சேர்ந்த வாசனையை அவள் வேறு எங்கேயும் முகர்ந்ததில்லை. அப்படியே நின்று மூச்சை இழுத்தாள், விட மனசில்லாமல் இழுத்தாள்.

உத்தரத்துக்குப் பக்கத்தில் இருந்த சென்சாரில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. கூடத்தில் ஆள் நடமாடினால் எரியும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை 'கூடம்: ஆள் உண்டு' அல்லது 'கூடம்: யாரும் இல்லை' என்று பெட்டியில் எழுதிவைக்கும். வெற்றுக் கூடத்தில் விளக்கும் விசிறியும் ஓடாமல் இருக்க அவள் செய்த ஏற்பாடு. புள்ளி இப்போது அவளுக்காக எரிந்தது. அவள் வருவதற்கு முன் பெட்டி எழுதியிருந்ததைப் போய்ப் பார்த்தாள். கதவு திறந்த நேரம் இருந்தது. அந்த நேரத்தில் சென்சார் யாரையும் பார்க்கவில்லை.

சாயங்காலம் கணவர் வந்தார். பஸ் டெப்போவில் மெக்கானிக். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கிரீஸ் போகாது. அன்றைக்குக் கை கழுவக்கூடப் போகாமல் கூடத்தின் நடுவில் நின்றார், போனை நீட்டினார். மெசேஜ் அவருக்கும் போயிருந்தது.

"இதை நிறுத்தும்மா" என்றார். "நாலு பத்துக்கு வண்டிக்கு அடியில படுத்திருந்தேன். இதைப் பாத்துட்டுக் கை நடுங்கி, ஸ்பேனர் மூஞ்சியில விழுந்துச்சு." நெற்றியில் வீங்கியிருந்தது.

"கோடுல ஒரு பிழைங்க. சரி பண்ணிட்டிருக்கேன்."

"சரி பண்ணிடு. நீ பண்ணிடுவே." செருப்பு ஸ்டாண்டைப் பார்த்தார், உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டார். "என்னால தினம் தினம் அவளைச் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போக முடியாதும்மா."

நாளைக்கு முடித்துவிடுகிறேன் என்று அவள் சொன்னாள். பூட்டுச் சத்தத்தைப் பற்றிச் சொல்லவில்லை. வாசனையைப் பற்றியும் வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பத்தாவது வெட்டு முடிந்தது. குற்றவாளி ஒரு சின்ன மாற்றம், நாலே வரி. 'இது இல்லை' என்ற குறியை முதலில் பத்திரமாக எழுதிவிட்டு அப்புறம்தான் இடத்தை விட வேண்டும். வேகம் கூட்டுகிறேன் பேர்வழி என்று யாரோ அந்த இரண்டையும் முன்பின்னாக மாற்றியிருந்தார்கள். ஒரு தடவை கண்ணால் பார்த்திருந்தால் அவளுக்கே தெரிந்திருக்கும். தூக்கத்தில் எழுப்பிக் காட்டியிருந்தாலும் தெரிந்திருக்கும். சேர்க்கலாம் என்று அனுமதி கொடுத்தவர் பெயர் கீழே இருந்தது. அவள் பெயர். எப்போதும் எழுதுகிற அதே இரண்டு வார்த்தை: 'பார்த்தேன், சரி.'

தேதியைப் பார்த்தாள். நேரத்தைப் பார்த்தாள். பிறகு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அது குட்டி ஆஸ்பத்திரியில் இருந்த மூன்றாம் நாள். காய்ச்சல் இறங்குகிறது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கணவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் அவள் போனோடு உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாகச் சேர்ந்து கிடந்த திருத்தங்கள், ஒவ்வொன்றிலும் அவளுக்காகக் காத்திருக்கும் யாரோ.

"அம்மா, இங்க பாரேன்."

"ஒரு நிமிஷம்டா கண்ணு."

நாலு வரிதான், என்ன இருந்துவிடப்போகிறது என்று படிக்காமல் அமுக்கினாள். 'பார்த்தேன், சரி.' அமுக்கிவிட்டுத் தலையைத் தூக்கினாள். குட்டி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண் அதற்கப்புறம் இமைக்கவே இல்லை.

அந்த ஒரு நிமிஷத்தில் அவள் கோடையும் பார்க்கவில்லை, பிள்ளையையும் பார்க்கவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. கூடவே இருந்தேன், கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றுதான் கணவரிடம் சொல்லியிருந்தாள். அவர் அதை நம்பித்தான் கொஞ்ச நஞ்சம் தூங்குகிறார்.

பிழை எந்த மாற்றத்தில் என்று மட்டும் ஆந்தைக்கு எழுதினாள். யார் அனுமதித்தது என்று அவன் பார்த்திருப்பான், தேதியையும் பார்த்திருப்பான். அரை மணியில் திருத்தம் அனுப்பிவிட்டான். ஆமையில் எது சேர வேண்டுமானாலும் இரண்டு பேர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும், இந்தப் பகுதிக்கு ஒருவர் அவளாகத்தான் இருக்க வேண்டும். இன்னொருவர் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அவள் அமுக்கினால் போதும்.

நாலு மணி ஆகியிருந்தது. அவள் அமுக்கவில்லை. மெல்ல எழுந்து போய்ப் பாலைச் சுட வைத்து, சர்க்கரை போட்டு, கூடத்து மேஜையில் வைத்துவிட்டுப் பின்னறைக்கு வந்து கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டாள்.

மூன்று. ஒரு கணம். ஒன்று.

செருப்பு உதறல். பை நாற்காலியில் இறங்கும் கனம். தம்ளரை எடுக்கும் சத்தம். குட்டி பால் குடித்தால் மடக் மடக்கென்று தெருவுக்கே கேட்கும், எத்தனை தடவை திட்டியிருப்பாள். இப்போது கதவுக்குப் பின்னால் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு, அந்தச் சத்தத்தை ஒவ்வொரு மிடறாகக் கேட்டாள். இந்தத் தடவை அவள் ஓடிப்போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடும் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. ஐந்து மணிக்கு வெளியே வந்தபோது தம்ளர் காலி.

ஆந்தையின் திருத்தத்தில் அவள் குறை கண்டுபிடிக்க ஆரம்பித்தாள். ஒரு பெயர் தெளிவாக இல்லை, மாற்று என்றாள். மாற்றினான். விளக்கக் குறிப்பில் ஒரு வாக்கியம் நீளம் என்றாள். வெட்டினான். இன்னும் இரண்டு டெஸ்ட் வேண்டும் என்றாள். ஆறு எழுதி அனுப்பினான்.

"அக்கா, கமாவுக்கெல்லாம் சண்டைக்கு வர்றீங்க" என்றான் வெள்ளிக்கிழமை. "உங்களை எனக்குத் தெரியாதா? கஷ்டமா இருந்தா விடுங்க, வேற யாரையாவது பாக்கச் சொல்றேன்."

"வேணாம். நானே பாக்கறேன்."

"ஜனங்க காத்திட்டிருக்காங்கக்கா."

"தெரியும்" என்றாள். இங்கேயும் ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லவா முடியும்? வெள்ளிக்கிழமை நாலு பத்துக்குக் காலடி பின்னறைக்குப் பாதி தூரம் வரை வந்தது. வந்து நின்று, திரும்பிப் போனது. அன்று ராத்திரி கணவர் கேட்டபோது, இன்னும் டெஸ்ட் முடியவில்லை என்று வாய் கூசாமல் பொய் சொன்னாள். அவர் தன் போனை எடுத்து, அணைத்து, அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தார். சனி ஞாயிறு பள்ளி கிடையாது. யாரும் வரவில்லை. அந்த இரண்டு நாளையும் அவள் எப்படித் தள்ளினாள் என்று அவளுக்கே தெரியாது.

திங்கட்கிழமை நாலு அடித்து ஐந்து நிமிஷம் ஆனபோது ஆந்தை அழைத்தான். குரலில் கிண்டல் இல்லை.

"அக்கா, விஷயம் நாம நினைச்சதைவிட மோசம். அந்த மாட்டு டாக்டர் இப்ப எழுதியிருக்கார். திரும்பி வந்த நாயோட எடை நானூத்தி எண்பது கிலோ."

"என்னது?"

"அது குதிரையோட எடை. குறியைப் பத்திரமா எழுதறதுக்கு முன்னாடியே துடைப்பம் இடத்தைக் காலின்னு கொடுத்துடுது. அங்க வேற என்னமோ எழுதிடறோம். அப்புறம் கரண்ட் போனா பழைய வரி எழுந்திருக்கும், ஆனா தலைப்பு மட்டும்தான் பழசு. பேரு, நம்பரு, அவ்வளவுதான். உள்ள இருக்கறது அதுக்கப்புறம் எழுதினது. திரும்பி வர்றது அவங்க இல்லக்கா. அவங்க இடத்துல உக்காந்தது, அவங்க பேரோட வருது. தயவுசெஞ்சு இன்னைக்கு அமுக்கிடுங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அவள் வீட்டுப் பெட்டியைத் திறந்தாள். சோம்பல்பட்டு எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் எழுதிவைத்திருந்தாள், மற்றவர்கள் செய்தால் திட்டுகிற தப்பு. வீட்டு ஆட்களின் வரியும் அதில்தான், சென்சார் எழுதுகிற வரியும் அதில்தான். மகளின் வரியை எடுத்தாள்.

பெயர்: குட்டி. எண்: 7778.

அதற்குப் பிறகு பிறந்த நாள் இருக்க வேண்டும். பள்ளி, வகுப்பு, ரத்த வகை இருக்க வேண்டும். அவள் கையால் அடித்தவை. அந்த இடத்தில் இருந்தது, குட்டியை அழித்த பிறகு, விளையாட ஆளில்லாத இந்தக் கூடத்தைப் பார்த்துப் பார்த்துப் பெட்டி எழுதிவைத்தது.

யாரும் இல்லை. யாரும் இல்லை. யாரும் இல்லை. யாரும் இல்லை.

கீழே தள்ளினாள். முடியவில்லை. போய்க்கொண்டே இருந்தது.

"அக்கா? இருக்கீங்களா?"

திருத்தம் திரையில் திறந்தே இருந்தது. 'பார்த்தேன், சரி' என்று அவளே அடித்து வைத்திருந்தாள். அமுக்க வேண்டியதுதான் பாக்கி. அமுக்கினால் நிற்கும். லைப்ரரி நோட்டீஸ் நிற்கும், நாய்க்கு ஊசி நிற்கும், கணவருக்குக் கை நடுங்குவது நிற்கும். விரலைப் பட்டன் மேல் வைத்தாள். இதை அமுக்கத்தான் வேண்டும் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

வாசலில் பூட்டு.

மூன்று. இந்தத் தடவை இடைவெளி நீளமாக இருந்தது, எண்ணை ஞாபகப்படுத்திக்கொள்வது போல. ஒன்று.

கதவு. செருப்பு. பை.

இன்று பாலைத் தொடவில்லை. காலடி நேராக வந்தது. கூடம் தாண்டி. நடை தாண்டி. பின்னறைக் கதவு மெல்ல உள்ளே நகர்ந்தது. அந்த வாசனை வந்தது, காலுறை, பென்சில், தலைமுடி. அதற்கு அடியில் இன்னொன்று. பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் வருமே, அது.

நாற்காலிக்குப் பின்னால் நின்றது. மூச்சுச் சத்தம் இல்லை.

"அம்மா, இங்க பாரேன்."

குரல் குட்டியுடையதுதான். துளி மாற்றம் இல்லை.

"அக்கா, அமுக்கிட்டீங்களா?" என்றது போன்.

அந்தப் பெயருக்கு உள்ளே இருப்பது யார் என்று அவளுக்குத் தெரியும். இப்போதுதான் படித்தாள். படிக்காமல் ஒன்றும் செய்யவில்லை, இந்தத் தடவை.

"ஒரு நிமிஷம்" என்றாள் போனிடம். லேப்டாப்பை மூடினாள். திரும்பினாள்.

சீருடை நின்றது. நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, ஒரு பக்கம் மட்டும் மடங்கிய காலர். இடது காலுறை வழக்கம்போல் சரிந்திருந்தது. துணிக்குள் காற்று அடைத்த மாதிரி உடம்பின் வடிவம் இருந்தது. காலருக்கு மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்தில், பின்னாலிருந்த கதவு தெரிந்தது. கதவின் தாழ்ப்பாள் தெரிந்தது. சட்டைக் கை ஒன்று அவளை நோக்கி நீண்டது. அதன் முனையில் விரல் எதுவும் இல்லை.

அவள் அழுதாள். பயத்தில் அழவில்லை. "பாத்துட்டேன்டா" என்றாள். "அம்மா பாத்துட்டேன். வா." கையை நீட்டினாள். கைக்குள் ஒன்றும் இல்லை, ஆனால் அந்த ஒன்றுமில்லாதது அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டது. ஜில்லென்று இருந்தது. குட்டி பிடிப்பது போலவே, சுண்டுவிரலை விட்டுவிட்டு மூன்று விரலை மட்டும் பிடித்தது. இழுத்தது. அவள் எழுந்து போனாள்.

நடையைத் தாண்டினார்கள். மேஜையில் பால் ஏடு கட்டியிருந்தது. அவள் கூடத்தின் நடுவில் வந்து நின்றாள், சென்சாருக்கு நேர் கீழே. நிமிர்ந்து பார்த்தாள். பிடித்த கையை மேலே தூக்கி ஆட்டினாள். மறு கையையும் ஆட்டினாள்.

சிவப்புப் புள்ளி எரியவில்லை.

பின்னறையில் ஆந்தை, அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவள் பதில் சொன்னாள். அவனுக்குக் கேட்கவில்லை. மாடிப்படிக்கு அடியில் பெட்டி ஒரு தடவை முணுமுணுத்து, நேரம் நாலு இருபது என்று போட்டு, அடுத்த வரியை எழுதியது.

கூடம்: யாரும் இல்லை.